ஆள் கணக்கு

பிப்ரவரி 4

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் நலம். வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகிறேன் என்று அடம்பிடிக்கிறது. நீயும் என் மகனும் எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இத்தனை வருஷம் தையல் மிஷின் சத்தத்தில் உட்கார்ந்த காதுக்கு மீதிப் பேச்சு விழுவதுமில்லை. அவனோ போனை எடுப்பதே இல்லை. காகிதத்தில் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவில் இருக்கிற எல்லாக் கட்டடத்தையும் இடிக்கப்போகிறார்கள். நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. இடித்துவிட்டு உயரமாகக் கட்டப்போகிறார்களாம். செப்டம்பரில் வீடு வீடாக வந்து ஆள் கணக்கு எடுப்பார்கள். இரண்டு பேர் குடியிருந்தால் இதே தெருவில் இரண்டு அறை வீடு. ஒற்றை ஆள் என்றால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை. அங்கே பஸ் கிடையாது. நான் சலவைக்கடைக்கு எப்படி வந்து தைப்பேன்? இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அங்கே போனால் அதோடு என் கதை முடிந்தது.

நீ பார்த்த பேட்டை இல்லை இது. செருப்புக்கடை போய் போன் ரிப்பேர் வந்தது. அது போய் நகத்துக்குச் சாயம் பூசுகிற கடை வந்தது. இப்போது அதற்கும் ஷட்டர் இறங்கிவிட்டது. அந்தக் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த ஆள் யாரும் மாடியில் இல்லை. ரயில் கடைசியாக நிற்கிற இடம் இது. இதற்கு மேல் போக வழியில்லாமல் இறங்கினவர்கள்தான் நாங்கள் எல்லாரும். இப்போது இங்கிருந்தும் கிளம்பு என்றால் எங்கே போவது?

செப்டம்பருக்குள் நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். அவனுக்கு இங்கேயும் வேலை கிடைக்கும். அவனிடம் பேசி எழுது.

அன்புடன்,
அத்தை


மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். விமானச் சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது எனக்கு அதிகாலை ஷிப்ட். தட்டில் ரொட்டி, வெண்ணெய், ஒரு துண்டு கேக், மேலே மூடி. பெல்ட் நகர்ந்துகொண்டே இருக்கும், நானும் வைத்துக்கொண்டே இருப்பேன். சாப்பிடப்போகிறவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து படுத்தாலும் கை தட்டு வைப்பதுபோல் ஆடுகிறது.

அவருக்கும் வேலை அதிகம். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். யோசிக்கலாம் என்றார். செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

நாம் இருவரும் சலவைக்கடையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து பொத்தான் தைத்ததை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்போது நீங்கள் என்னைத் திட்டாத நாளே இல்லை. இங்கே என்னைத் திட்டக்கூட ஆள் இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். உன் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு பக்கம், அவனைப் பற்றி ஒரு வரி. உறைக்குப் பின்னால் விலாசமும் மாறியிருக்கிறது. வீடு மாறினீர்களா? என்னிடம் சொல்லவில்லையே.

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். ஆள் கணக்கு என்றதும் கட்டடமே ஆள் கடன் வாங்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு பையனைக் கூட்டிவந்து அண்ணன் மகன் என்கிறார். பெரியவர் பேசுகிற பாஷை அண்ணன் மகனுக்குத் தெரியவில்லை. மேல்மாடி பஸ்காரரைத் தெரியுமல்லவா, கதவில் பக்கவாட்டாக நுழைவாரே, அவர்தான். அவர் வீட்டில் ஆள் நிறைய. அதனால் தன் அம்மாவை இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிற வாலிபனுக்குக் கொடுத்தார். பழகிக்கொள்ளட்டும் என்று இப்போதே அனுப்பினால், அந்தம்மா திரும்பி வர மாட்டேன் என்கிறாள். அங்கே மருமகள் இல்லையாம், நிம்மதியாம்.

கீழே முடிவெட்டுகிற பெண் என்னிடமும் வந்தாள். "நான் உங்க மருமகள்னு சொல்லிக்கிறேன், ஒரு வாரம் வந்து தங்கறேன்" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் எனக்குச் சொந்தத்தில் மருமகள் இருக்கும்போது எதற்கு இரவல் மருமகள்? வேண்டாம் என்றுவிட்டேன். சொல்லிவிட்டு மாடி ஏறும்போது எனக்கே பயம் வந்தது. நீங்கள் வராவிட்டால் இரண்டும் இல்லாமல் போகுமே.

அவனுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். நீலத் துணி. அவன் பழைய சட்டையை வைத்தே வெட்டினேன். போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல். அவன் கையால் இரண்டு வரி எழுதினால் விரல் தேய்ந்து போகாது.

அன்புடன்,
அத்தை


மே 15

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

சட்டை வந்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல அப்படியே பொருந்தியது. தோள், கை எல்லாம் கச்சிதம். நீலம் அவருக்கு எடுப்பாக இருக்கிறது. போட்டுக்கொண்டு வேலைக்கே போனார். அம்மா கை அம்மா கைதான் என்று சொன்னார். அவரே எழுதுவதாக இருந்தார், அதற்குள் வேலை வந்துவிட்டது.

விலாசம் மாறியது ஒன்றுமில்லை. வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்றுதான். அறை சின்னது, ஆனால் ஜன்னல் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல். அதில் யாரோ நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் சில சமயம் அவர்களோடு சேர்ந்து இந்தப் பக்கம் நடப்பேன்.

வருவதைப் பற்றி அவரிடம் மறுபடி பேசுகிறேன்.

உங்கள் மருமகள்


மே 28

அன்புள்ள மருமகளுக்கு,

நலம்.

ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்தேன். ஒன்று அவனுக்கு, ஒன்று பஸ்காரருக்கு. இரண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். தபாலுக்குப் போகிற அவசரத்தில் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பஸ்காரர் ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தார். வந்து போட்டுப் பார்த்தார். ஒரு கை நுழைந்தது, இன்னொரு கை நுழையவில்லை. அப்படியே பாதிச் சட்டையோடு மாடிப்படியில் நின்று சிரிக்கிறார். அவர் சிரிக்க, நான் உள்ளே போய் உன் கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

அங்கே வந்திருப்பது பஸ்காரரின் சட்டை. அதற்குள் என் மகன் மாதிரி இரண்டு பேர் குடித்தனம் நடத்தலாம். நீ தோள் கச்சிதம் என்று எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், என்னிடம் சட்டை அளவை மறைக்க முடியாது.

அவன் அங்கே இருக்கிறானா, இல்லையா? உயிரோடு இருக்கிறானா என்பதை மட்டுமாவது உடனே எழுது. எனக்குத் தூக்கம் இல்லை.

அத்தை


ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

உயிரோடு, நல்லபடியாக இருக்கிறார். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் ஆபீஸ் நம்பரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம்தான் இல்லை. குளிர் தொடங்கும்போதே போய்விட்டார். அதே ஆபீசில் வேலை செய்கிற ஒரு பெண்ணோடு இருக்கிறார். உங்கள் முதல் கடிதம் வந்தபோது நான் ஏற்கெனவே தனியாகத்தான் இருந்தேன். வாடகைக்கு ஆகாமல் இந்த அறைக்கு வந்தேன்.

சட்டைப் பார்சலை நான் பிரிக்கவே இல்லை. அவருடைய பொருள், நான் ஏன் தொட வேண்டும் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் நீங்களும் எனக்கு இல்லாமல் போய்விடுவீர்கள் என்று பயந்தேன், அத்தை. எனக்கு அம்மா வீடு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எனக்கு அவர் வழியாக வந்தவர். அவர் போனால் நீங்களும் அவரோடு போக வேண்டியதுதானே நியாயம்? கடிதம் வந்துகொண்டிருக்கட்டும், எத்தனை நாள் ஓடுகிறதோ ஓடட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு தடவையும் "நாங்கள் நலம்" என்று எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுதினேன்.

உங்களை வீட்டுக் கணக்கில் இத்தனை மாதம் காத்திருக்க வைத்ததுதான் பெரிய பாவம். முடிவெட்டுகிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

உங்கள் மருமகள்
(இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை)


ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? பதில் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

திட்டியாவது எழுதுங்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். நான் எதை உடைத்தேன் என்றாவது சொல்லுங்கள். தினமும் வேலை முடிந்து படியேறும்போதே தபால் பெட்டியைப் பார்க்கிறேன். மின்சாரக் கம்பெனிக்காரன் மட்டும் என்மேல் அக்கறையாக இருக்கிறான்.

பஸ்காரர் சட்டையைப் பிரித்தேன். படுக்கும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். முழங்கால் வரை வருகிறது. பஸ்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இங்கே என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. லீவு நாளில் பஸ்ஸில் ஏறிக் கடைசி வரை போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். டிரைவர் என்னைப் பார்த்துத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்


ஆகஸ்ட் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நான் உடம்பால் நலம். உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அவன் இங்கே இருக்கிறான்.

நீ கொடுத்த நம்பருக்குப் போன் போட்டுக் கத்தினேன். காது கேட்காதவள் கத்தினால் ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். திட்டுகிற வேகத்தில் வீடு இடிக்கிற கதையையும் சொல்லித் தொலைத்தேன். கொஞ்ச நாளில் பெட்டியோடு வந்து நிற்கிறான். எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். ஆள் கணக்கு எடுக்கிறவரை இருப்பானாம், வீடு வந்ததும் அந்தப் பெண்ணையும் கூட்டிவந்துவிடுவானாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவனைக் கதவில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாசலிலேயே நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். "இளைச்சுப் போயிட்டியே" என்றுதான் வாயில் வந்தது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அவனுக்குச் சமைத்தேன், அவன் துணியைத் துவைத்தேன். அவன் தூங்கும்போது மிஷினை ஓட்டாமல் கையால் தைத்தேன். உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது, எழுந்துவிட்டேன்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவளேதாம்மா போகச் சொன்னா, நான் இருக்கணும்னுதான் பார்த்தேன்" என்றான். கண்ணைப் பார்த்துச் சொன்னான். எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை.

தெரு முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு நாள் மூட்டை கட்டுகிறார், மறுநாள் அவிழ்க்கிறார். அண்ணன் மகன் அவருக்கு ஷேவ் செய்துவிடுகிறான். எனக்கும் ராத்திரி பகல் ஒன்றுதான். எங்கே உட்கார்ந்தாலும் எழுந்துவிடத் தோன்றுகிறது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டடம் நிற்கிறது, சுற்றிலும் ஒரு கடை இல்லை. பயமாக இருக்கிறது. அவன் பெயரைச் சொன்னால் அந்தப் பயம் போய்விடும்.

உன்னிடம் நான் அனுமதி கேட்கவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அத்தை


ஆகஸ்ட் 17

அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

அவர் பெயரையே சொல்லிவிடுங்கள். பெற்ற பிள்ளை இருக்கும்போது வேறு யோசனை எதற்கு? உங்களுக்கு வீடு வேண்டும், அந்தத் தெரு வேண்டும். நெடுஞ்சாலைக்கு அப்பால் உங்களை நினைத்துப் பார்க்க என்னாலும் முடியவில்லை. அவரை நான் போகச் சொன்னேனா இல்லையா என்பதற்கு நான் சாட்சி கொண்டுவரப் போவதில்லை. நீங்கள் எதை நம்பினால் உங்களுக்கு நிம்மதியோ அதை நம்புங்கள்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன். கிழித்ததில் கோபம் இருந்தது. இதிலும் இருக்கிறது, மறைக்கத் தெரியவில்லை. அவருக்குச் சமைத்ததை ஏன் எனக்கு எழுதினீர்கள்? அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போய் ஒரு பெட்டி முழுக்க வெண்ணெய் வைக்காமல் அனுப்பிவிட்டேன்.

இனி நான் எழுதாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருமகள்


செப்டம்பர் 12

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடாதே.

நேற்று ஆள் கணக்கு எடுக்க வந்தார்கள். சின்ன வயசுப் பெண், மாடி ஏறி ஏறி முகம் சிவந்து வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். இவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். இங்கே யார் யார் குடியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவன், தான் மகன் என்றும், வருஷக்கணக்காக அம்மாவை விட்டு எங்கேயும் போனதில்லை என்றும் சொன்னான். அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அன்றைக்கு உன்னைப் பற்றி என்னிடம் சொன்னபோது இருந்த அதே முகம், அதே குரல்.

அவள் கையிலிருந்த கருவியில் அதைத் தட்டிக்கொள்ளப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லம்மா. இவர் விருந்தாளி. வந்திருக்கார், போயிடுவார்" என்றேன்.

பெற்ற பிள்ளையை இவர் என்று சொன்னேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, நினைவு தப்புகிறது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தான். நான் என் பிறந்த தேதி, கடை விலாசம், மேல்மாடி கீழ்மாடி எல்லாரையும் வரிசையாகச் சொன்னேன். அப்போது அவள், அப்படியென்றால் நீங்கள் ஒற்றை ஆள்தானே என்று கேட்டாள். இல்லை என்றேன். உன் பெயரைச் சொன்னேன். வேலைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். அதுவும் பொய்தான். அவனுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

மாதக் கடைசியில் மறுபடி வருவாளாம். அப்போது ஆள் நேரில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒற்றை அறைதான்.

அவன் நேற்று மத்தியானமே பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டீயைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். உனக்காக மகனைத் தள்ளிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்தப் பாரத்தை உன் தலையில் வைக்க மாட்டேன். அந்த வீட்டில் அவனோடு உட்கார்ந்து தினம் அவன் சொல்வதை நம்புகிறமாதிரி இருக்க எனக்குத் தெம்பில்லை.

வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ வராவிட்டால் முடிவெட்டுகிற பெண்ணைக் கேட்க மாட்டேன். உன் பெயரைச் சொல்லிவிட்டு வேறொருத்தியை உட்கார வைக்க எனக்கு மனசில்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமும் மனுஷர்கள் இருப்பார்கள்.

அத்தை


செப்டம்பர் 19

அன்புள்ள அத்தைக்கு,

நான் அவ்வளவு நலமில்லை. பல மாதமாகவே இல்லை. இதை முதல் வரியில் எழுதிப் பார்த்தேன், எழுத முடிகிறது.

வேலையிலிருந்து நின்றுவிட்டேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது. அந்த ஸ்டேஷனில் இறங்குகிற எல்லாரையும்போல ஒரு பெட்டியும் ஒரு பையுமாக இறங்குவேன். தெருவைத் தோண்டிப் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எதிரே வந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், நான் வழி கேட்டு வந்துவிடுவேன்.

ஒற்றை அறையாக இருந்தாலும் வந்திருப்பேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது நிஜமா என்று எனக்கே தெரியவில்லை, அத்தை. இனி எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று உங்களுக்கு எழுதுவதில்லை. உங்கள்மேல் இருக்கிற கோபமும் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் வருகிறேன். இரண்டு அறை இருந்தால் சண்டை போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார வசதியாக இருக்கும்.

ஆள் கணக்கு எடுக்கிற பெண் மறுபடி வந்து என்னைப் பார்த்து யார் என்று கேட்பாள். மருமகள் என்று சொல்ல வேண்டாம். அதற்கு அவர் வேண்டியிருக்கும். மகள் என்றும் வேண்டாம், நாம் இருவரும் அந்த மாதிரி நடிக்கிற ஜாதி இல்லை. இங்கே குடியிருக்கிறவள் என்று சொல்லுங்கள்.

வருகிறேன்.